இறகில் ஒரு பூச்சி
(இளங்கலை விலங்கியல், மூன்றாம் ஆண்டு)

சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது என்று நம் ஊரில் சொல்வதுண்டு. ஆனால் சின்ன மீனும் இல்லாமல், மண்புழுவும் இல்லாமல், ஒரு சேவல் இறகையும் சிறிது நூலையும் கொண்டே மீனைப் பிடிக்கும் கலை ஒன்று உலகில் உண்டு. தூண்டில் முள்ளின்மீது இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சியைப்போல் உருவாக்குவதே அக்கலை. இதனை ஆங்கிலத்தில் ‘ஃப்ளை’ என்பர். நாம் ‘செயற்கை ஈ’ என்று அழைக்கலாம். உதகையில் பணியாற்றும் என் மாமாவுக்காக அம்பத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இவற்றைக் கட்டப் பழகினேன். விலங்கியல் மாணவனுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அன்று, கண்ணைத் திறக்கும் ஒரு பாடம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாறு

இக்கலை மிகப் பழமையானது. ஏறத்தாழ கி.பி. 200-ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனிய மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, அதன்மீது சேவல் இறகுகளைக் கட்டிப் புள்ளியுடைய மீன்களைப் பிடித்ததை எழுதி வைத்துள்ளார். 1496-இல் அச்சான ஓர் ஆங்கில நூல் 12 வகைச் செயற்கை ஈக்களைக் கூறுகிறது.

நம் மாநிலத்திற்கு இக்கலை வந்தது டிரவுட் மீனோடுதான். நீலகிரியில் டிரவுட் மீனைக் குடியேற்ற 1863-இல் டாக்டர் பிரான்சிஸ் டே முயன்றார், அம்முயற்சி பலிக்கவில்லை. பின்னர் எச்.சி. வில்சன் என்பாரின் முயற்சியால் 1907-இல் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்தது. அதன் பிறகே வானவில் டிரவுட் அம்மலை ஓடைகளில் நிலைபெற்றது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் இதே இனம் கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிறது. அதற்கு ‘ஸ்டீல்ஹெட்’ என்று பெயர். நீலகிரி மீனோ வாழ்நாள் முழுவதையும் நன்னீரிலேயே கழிக்கிறது. இனம் ஒன்று; வாழ்க்கை முறை வேறு.

நம் ஏரிகளில் ஏன் இல்லை?

அம்பத்தூர் ஏரியிலோ செம்பரம்பாக்கத்திலோ டிரவுட் ஏன் வாழ்வதில்லை என்று கேட்கலாம். விடை வெப்பத்தில் உள்ளது. இம்மீனுக்கு உகந்தது 10 முதல் 18 பாகை செல்சியஸ் வரையுள்ள நீர். 25 பாகையைத் தாண்டினால் உயிர் தரிப்பது அரிது. குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். 10 பாகையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 11 மில்லிகிராம் கரையும். 30 பாகையில் சுமார் ஏழரை மில்லிகிராம்தான். நம் விராலோ நேரடியாகக் காற்றையும் சுவாசிக்க வல்லது. ஆதலால் வெதுவெதுப்பான, கலங்கிய நீரிலும் வாழ்கிறது.

மீன் எதைக் கண்டு ஏமாறுகிறது?

ஓடையில் வாழும் டிரவுட்டின் உணவில் பெரும்பகுதி பூச்சிகளே. ‘மேஃப்ளை’ எனப்படும் பூச்சியை எடுத்துக்கொள்வோம். அதன் இளம் பருவம் பல மாதங்கள் நீருக்கடியில் கல்லிடுக்குகளில் கழிகிறது. பின் மேலே வந்து தோலுரித்துச் சிறகு பெறுகிறது. சிறகு முளைத்த பின்னும் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றே. முதிர்ந்த பின் அதற்கு உண்ணும் வாய் இல்லை. சில மணி நேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. முதல் மழைக்குப் பின் நம் வீட்டு விளக்கைச் சுற்றி ஈசல் மொய்ப்பதை நினைத்துக்கொண்டால், இப்பூச்சிகள் கூட்டமாக எழும்போது மீன்கள் துள்ளுவது ஏன் என்பது விளங்கும்.

எனவே செயற்கை ஈயும் இருவகைப்படும். நீரின்மேல் மிதப்பது உலர் ஈ. நீருக்குள் மூழ்குவது நனை ஈ. சேவலின் கழுத்து இறகு விறைப்பானது. அதன் இழைகள் நீர்ப்பரப்பின்மேல் கால் ஊன்றி நிற்கும். பெட்டைக்கோழியின் இறகு மென்மையானது. நீரை உறிஞ்சி மூழ்கும். ஓட்டத்தில் அசைந்து உயிருள்ளதுபோல் தோன்றும்.

தேவையான பொருள்கள்

எண் 12 அல்லது 14 தூண்டில் முள் (எண் கூடக் கூட முள் சிறியதாகும்), முள்ளைப் பிடிக்க ஒரு சிறு கை வைஸ், மெல்லிய பட்டு நூல், தேன்மெழுகு, கூரிய கத்தரிக்கோல், துணி கிளிப், நகப்பூச்சு. இறகுக்கு நாட்டுக்கோழிக் கறிக்கடையே போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டால் கடைக்காரர் சும்மாவே தருவார். பிராய்லர் கோழியின் இறகு இதற்கு உதவாது. இறகைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அந்துருண்டையுடன் டப்பாவில் வைக்க வேண்டும். உடலுக்கு மயில்தோகையின் இழை சிறந்தது. தானே உதிர்ந்த தோகையை மட்டுமே வாங்குக. செம்புக் கம்பிக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறையை நாடினேன். எறிந்த துண்டே நூறு ஈக்களுக்குப் போதும்.

கட்டும் முறை (நனை ஈ)

1. முள்ளின் வளைவை வைஸில் இறுக்குக. முள்ளின் எதிர்ச்செதிலை முன்பே குறட்டால் நசுக்கிவிடுக. கைக்கும் பாதுகாப்பு, சிறு மீனைக் காயமின்றி விடவும் எளிது.

2. நூலில் தேன்மெழுகு தடவி, முள்ளின் கண்ணருகே தொடங்கி வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுக.

3. வால் பகுதிக்கு நான்கைந்து இறகிழைகளை வைத்துக் கட்டுக. வாலின் நீளம் முள்ளின் தண்டு அளவே இருத்தல் வேண்டும்.

4. அதே இடத்தில் செம்புக் கம்பியையும் இரண்டு மூன்று தோகை இழைகளையும் கட்டுக. நூலை முன்னே கொண்டுவந்து, கண்ணுக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பாக நிறுத்துக.

5. தோகை இழைகளை முன்னோக்கிச் சுற்றிக் கட்டுக. கம்பியை அதற்கு எதிர்த்திசையில் ஐந்து சுற்றுச் சுற்றுக. இது எளிதில் அறும் தோகையைக் காப்பதோடு, ஈ மூழ்குவதற்கு எடையும் தருகிறது.

6. பெட்டைக்கோழி இறகின் அடியைக் கட்டி, நுனியைத் துணி கிளிப்பால் பிடித்து இரண்டு சுற்று மட்டும் சுற்றுக. இழையின் நீளம் முள்ளின் வாயகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு போதும்.

7. நூலால் மூன்று நான்கு முடிச்சிட்டு, ஒரு துளி நகப்பூச்சு இடுக. கண் அடைபட்டால் ஊசியால் திறந்துவிடுக.

உலர் ஈக்குக் கம்பியை விடுத்து, சேவல் இறகை நான்கைந்து சுற்றாகச் சுற்றினால் போதும். ஸ்டீல்ஹெட்டுக்கு உரியவை இவற்றினும் பெரியவை, பளிச்சிடும் நிறத்தவை.

ஓர் இறகின் கதை

ஐரோப்பியர் கட்டிய சால்மன் ஈக்களில் கண்போல் பதித்த இறகு எங்கிருந்து சென்றது தெரியுமா? நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திலிருந்துதான்! அவ்விறகின் நுனியில் அரக்குத் துளிபோல் பளபளக்கும் தகடு உண்டு. அதற்காக அப்பறவைகள் பெருமளவில் கொல்லப்பட்டன. 1960-களில் இந்தியா இதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் துணை நிற்கிறது. மீனை ஏமாற்ற ஒரு பறவையினத்தையே அழிப்பது கலையாகாது. கறிக்கடையின் கழிவு இறகே நமக்குப் போதுமானது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் நன்று. டிரவுட்டே நம் ஓடைகளுக்கு வந்தேறிய மீன். புதிய மீனை விட்டால் அங்குள்ள பூச்சிகளும் தவளைகளும் என்னாகும் என்று சூழலியல் இன்று கேட்கிறது. முக்கூர்த்திப் பகுதி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆகவே நீலகிரியில் தூண்டிலிட விரும்புவோர் மீன்வளத்துறையிடமும் வனத்துறையிடமும் கேட்டறிந்த பின்னரே செல்லுதல் வேண்டும்.

நமக்கு என்ன பயன்?

ஈ கட்டுபவன் முதலில் பூச்சியை உற்றுநோக்க வேண்டும். கால் எத்தனை, வால் எத்தனை, எப்போது எழுகிறது என்று பார்த்தால்தான் கை கட்டும். அவ்வாறு பார்க்கப் பழகிய கண்ணோடு எங்கள் பகுதி ஏரிக்கரைகளில் ஒரு வலைக்கரண்டியுடன் சேற்றை அலசினேன். மேஃப்ளையின் இளம் பருவம் ஒன்றேனும் கிடைக்கவில்லை. கிடைத்தவை பெரும்பாலும் சிவந்த இரத்தப்புழுக்களே. அவற்றின் சிவப்பு ஹீமோகுளோபினால் ஆனது; உயிர்வளி குன்றிய கழிவுநீரிலும் அவற்றைப் பிழைக்கச் செய்வது அதுவே. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகச் சென்றது பலரும் அறிந்ததே. ஆய்வுக்கூடத்தில் அளந்து அறியும் உண்மையை, ஒரு கரண்டிச் சேற்றிலுள்ள புழுவும் சொல்லிவிடுகிறது.

எனவே மாணவ நண்பர்களே! டிரவுட் பிடிக்க உதகைக்குச் செல்ல இயலாவிட்டாலும், ஓர் ஈயைக் கட்டிப் பாருங்கள். செலவு சொற்பம், பொறுமையும் உற்றுநோக்கும் திறனும் வளரும். பின்னர் உங்கள் ஊர் ஏரிக்குச் சென்று அங்குள்ள பூச்சிகளை எண்ணிக் குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் நம் கல்லூரி விலங்கியல் துறை அக்குறிப்புகளைத் தொகுத்து வருமானால், இந்த ஏரிகள் பிழைக்கின்றனவா, மடிகின்றனவா என்பதற்கு நம் கையிலேயே சான்று இருக்கும்.