(தனி)யை நீக்கப் போய் ‘தனியார்’ காணாமல் போவது ஏன்?

தொகுதி வாரியான வாக்குச்சாவடிப் பட்டியல் ஒன்றை ஃபோனில் வைத்திருக்கிறீர்கள். எளிய உரைக் கோப்புதான். அதில் ஒரு வரி:

எழும்பூர் (தனி) – தனியார் பள்ளிக் கட்டடம்

எல்லா வரியிலும் (தனி) என்பதை மட்டும் எடுக்கணும். ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் செயலி இருந்தால் ‘செட்’ கட்டளை நொடியில் முடித்துவிடும். விரிவு முறையைக் கேட்கும் ‘-இ’ (ஆங்கிலப் பெரிய எழுத்து) சேர்த்து, (தனி) என்றே தேடி, வெறுமையாக மாற்றச் சொல்கிறீர்கள். வருவது இதுதான்:

எழும்பூர் () – யார் பள்ளிக் கட்டடம்

‘முதல்வரின் தனிப்பிரிவு’ என்றொரு வரி இருந்தால் அது ‘முதல்வரின் ப்பிரிவு’ ஆகியிருக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதுதான் ஆபத்து.

காரணம் எளிது. விரிவு முறையில் அடைப்புக்குறி ஓர் எழுத்து அல்ல, ‘இதற்குள் இருப்பதை ஒரு குழுவாக எடுத்துக்கொள்’ என்கிற ஆணை. ஆகவே செட் தேடியது அடைப்புக்குறியோடு உள்ள ‘(தனி)’யை அல்ல, ‘தனி’ என்ற எழுத்துகள் எங்கே வந்தாலும் அவற்றை. அடைப்புக்குறியையே தேட வேண்டுமென்றால் முன்னால் பின்சாய்வுக் கோடு போடணும்: \(தனி\)

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ‘-இ’ போடாத அடிப்படை முறையில் எல்லாமே தலைகீழ்! அங்கே ( என்பது சாதாரண எழுத்து, \( என்பதுதான் குழு. 1969-இல் கென் தாம்சன் எழுதிய ‘எட்’ தொகுப்பானின் வழக்கத்தைச் செட் அப்படியே எடுத்துக்கொண்டது. கோடில்லாத குழு பின்னால் வந்த ‘ஈகிரெப்’பின் வழக்கம். இரண்டையும் கைவிட முடியாமல் இன்றும் இரண்டும் இருக்கின்றன. எங்கிருந்தோ நகலெடுத்த கட்டளை உங்களிடம் மாறி வேலை செய்தால், முதலில் ‘-இ’ இருக்கிறதா என்று பாருங்க.

எந்த முறை என்று நினைவில் வைக்க முடியலையா? சதுர அடைப்புக்குள் போட்டுவிடுங்கள்: [(]தனி[)]. இது இரண்டு முறையிலும் ஒரே பொருள்தான் தரும். பார்க்கக் கொஞ்சம் விகாரமாக இருக்கும், ஆனால் ஏமாற்றாது. முன்னால் ஓர் இடைவெளியும் சேர்த்தால், எழும்பூருக்குப் பின் இரட்டை இடைவெளி மிஞ்சாது. மாற்றிப் போடும் பகுதியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அடைப்புக்குறி வெறும் அடைப்புக்குறிதான்.

இன்னொரு கண்ணி, மேற்கோள் குறி. கட்டளையை எந்த மேற்கோளுக்குள்ளும் எழுதாவிட்டால், நீங்கள் போட்ட பின்சாய்வுக் கோட்டை ஷெல்லே விழுங்கிவிடும். செட்டுக்குப் போய்ச் சேருவது வெறும் அடைப்புக்குறி. மறுபடியும் ‘யார் பள்ளி’ கதைதான்.

கோப்பில் நேரடியாக மாற்றும் ‘-ஐ’ (சிறிய எழுத்து) என்பதை முதல் தடவையே போடாதீங்க. அது இல்லாமல் ஓட்டினால் விடை திரையில் மட்டும் வரும், கோப்பு அப்படியே இருக்கும். ‘தனியார்’ என்ற சொல் உள்ள வரிகளைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். சரியாக இருந்தால், ‘-ஐ’யை ஒட்டினாற்போல் ‘.பழையது’ என்று ஒரு பின்னொட்டு கொடுத்து ஓட்டுங்கள். மூலக் கோப்பு அந்தப் பெயரில் பத்திரமாக இருக்கும். ‘-ஐ’யையும் ‘இ’யையும் மட்டும் சேர்த்து எழுத வேண்டாம். அப்படி எழுதினால் ‘இ’யைப் பின்னொட்டு என்று எடுத்துக்கொண்டு, செட் சத்தமில்லாமல் அடிப்படை முறைக்கே போய்விடும்.