நிலா தேய்வதும் வளர்வதும் ஏன்?

(குடும்பமாகக் கூடியிருந்து படிப்பதற்கான பாடம்)

எமது உழவர்களுள் வயதில் மூத்தோர் நிலாவைப் பார்த்து நேரம் சொல்ல வல்லவர்கள். எந்த இரவில் எந்நேரம் வரை இருட்டு, எந்நேரத்துக்குப் பின் வெளிச்சம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அது ஏன் அப்படி நடக்கிறது என்று பேரப்பிள்ளை கேட்டால் அநேகர் மௌனமாகி விடுவர். பிள்ளையோ பாடசாலையில் சந்திரனின் படத்தைக் கீறிப் புள்ளி வாங்கியிருப்பார். இன்றிரவு நிலா எத்தனை மணிக்கு எழும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

முன்னர் இவ்விரு அறிவுகளும் வீட்டு முற்றத்தில் சந்தித்துக் கொண்டன. பாயை விரித்துப் பாட்டனாரும் பேரனும் வானத்தைப் பார்த்துப் படுத்திருந்த முற்றம் அது. இடம்பெயர்ந்த குடும்பங்கள் இழந்தவற்றுள் அந்த முற்றமும் ஒன்று. ஆனால் அங்கிருந்து பார்த்த நிலா எந்த ஊரிலும் உண்டு. பெரியோர் அறிந்த "எப்போது" என்பதையும் பிள்ளைகள் படிக்கும் "ஏன்" என்பதையும் ஒன்றுசேர்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பூமியின் நிழலா?

நிலாவைப் பூமியின் நிழல் மறைப்பதால் அது தேய்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். படித்தவர்களும் இப்படிச் சொல்வதுண்டு. இது தவறு. வளர்பிறை அட்டமியன்று பின்னேரம் 4 மணிக்கு வெளியே வந்து பாருங்கள். மேற்கே சூரியன் நிற்கிறது. கிழக்குப் பக்க வானில் உயரத்தில் அரை நிலா நிற்கிறது. இரண்டும் எம் கண்முன்னே இருக்க, பூமி எமது காலின் கீழ் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பூமி இல்லாதபோது அதன் நிழல் நிலாவில் விழுவது எவ்வாறு?

உண்மை இதுதான். நிலாவுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரிய ஒளி பட்டே அது ஒளிர்கிறது. ஆரியபட்டர் கி.பி. 499இல் எழுதிய நூலிலேயே இது சொல்லப்பட்டுள்ளது. ஒரு பந்தை வெயிலில் வைத்தால் ஒரு பாதி வெளிச்சமாகவும் மறு பாதி இருட்டாகவும் இருக்கும். நிலாவும் அப்படியே. கிரகண வேளை தவிர, எந்நாளும் அதன் ஒரு பாதி ஒளியிலேயே இருக்கிறது. நிலா பூமியைச் சுற்றி வருவதால், அந்த ஒளிப் பாதியில் எவ்வளவு எமது பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டுமே மாறுகிறது. நிலா தேய்வதுமில்லை, வளர்வதுமில்லை. நாம் பார்க்கும் பக்கமே மாறுகிறது.

செய்து பார்ப்போம்

பகலில்: ஒரு குரும்பையை ஈர்க்கிலே குத்திச் சுண்ணாம்பு பூசிக் காயவிடுங்கள். வளர்பிறை அட்டமியன்று பின்னேரம் வெயிலில் நின்று, குரும்பையை நிலாவுக்கு நேரே நீட்டிப் பிடியுங்கள். நிலாவில் எந்தப் பக்கம் ஒளியோ, குரும்பையிலும் அதே பக்கம் அதே அளவு ஒளிர்வதைக் காண்பீர்கள். இரண்டுக்கும் விளக்கு ஒன்றே. சூரியனை மட்டும் நேரே பார்க்க வேண்டாம்.

இரவில்: இருட்டான இடத்தில் ஒரு விளக்கைக் கண் மட்டத்தில் வையுங்கள். விளக்குத்தான் சூரியன்; உங்கள் தலையே பூமி. குரும்பையைத் தலைக்குச் சற்று மேலாகக் கை நீட்டிப் பிடித்து, இடப்புறமாக மெல்லத் திரும்புங்கள்.

1. விளக்கைப் பார்த்து நிற்கும்போது, குரும்பையின் இருட்டுப் பக்கம் உங்களை நோக்குகிறது. இது அமாவாசை.
2. கால் வட்டம் திரும்பியதும் வலப் பாதி ஒளிர்கிறது. இது வளர்பிறை அட்டமி.
3. விளக்குக்கு முதுகு காட்டும்போது முழுவதும் ஒளிர்கிறது. இது பூரணை.
4. இன்னொரு கால் வட்டம் திரும்ப இடப் பாதி ஒளிர்கிறது. இது தேய்பிறை அட்டமி.

பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாமே பிடித்துப் பார்க்கட்டும். பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு இது விளங்காது.

நிலா என்னும் மணிக்கூடு

நிலா பூமியை ஒருமுறை சுற்ற 27 நாட்களும் ஏறக்குறைய 8 மணித்தியாலங்களும் செல்லும். ஆனால் அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றும் பாதையில் முன்னே நகர்ந்து விடுகிறது. அந்தத் தூரத்தையும் ஈடுசெய்ய இன்னும் இரண்டு நாட்களுக்குச் சற்று மேலாகும். ஆகவே ஒரு பூரணையிலிருந்து மறு பூரணைக்கு ஏறக்குறைய 29½ நாட்கள்.

இவ்வாறு நகர்வதால் நிலா ஒவ்வொரு நாளும் முதல் நாளிலும் பார்க்க ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி எழுகிறது. முன்னோர் கணக்கில் இது இரண்டு நாழிகை அளவாகும். குரும்பையின் கால் வட்டம் என்பது நாளின் கால் பங்கு, அதாவது 6 மணித்தியாலம். எனவே:

அமாவாசை: காலை 6 மணியளவில் சூரியனோடு எழுந்து மாலை 6 மணியளவில் மறையும், கண்ணுக்குத் தெரியாது.
வளர்பிறை அட்டமி: நண்பகலில் எழும், மாலையில் உச்சியில் நிற்கும், நள்ளிரவில் மறையும்.
பூரணை: மாலையில் எழும், நள்ளிரவில் உச்சி, காலையில் மறையும்.
தேய்பிறை அட்டமி: நள்ளிரவில் எழும், விடியற்காலையில் உச்சி, நண்பகலில் மறையும்.

பூரணை கழிந்து நாலாம் நாள் வயற்காவலுக்குப் போகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். நாலு ஐம்பது இருநூறு நிமிடம். அதாவது 3 மணி 20 நிமிடம். அன்று நிலா இரவு 9.20 அளவில் எழும். பொழுது பட்டது முதல் அதுவரை நல்ல இருட்டு. யானைக்கும் பன்றிக்கும் பாம்புக்கும் பயந்து ரோச் லைற்றோடு நடக்க வேண்டிய நேரம் அதுவே. பழக்கமில்லாத புதிய இடத்தில் இக்கணக்குப் பெரிதும் உதவும்.

திசையும் அறியலாம். ஒளிர்ந்த பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். வளர்பிறையில் அது மேற்கு, தேய்பிறையில் கிழக்கு. எமது நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் மாலைப் பிறை பெரும்பாலும் தோணி போல மல்லாந்து கிடக்கும். மேல்நாட்டுப் படங்களில் உள்ளதுபோல் நிமிர்ந்து நிற்காது.

கிரகணம்

நிழலுக்கு வேலை உள்ள நாளும் உண்டு. பூரணையன்று பூமியின் நிழல் நிலாவில் விழுந்தால் சந்திர கிரகணம். அமாவாசையன்று நிலா சூரியனை மறைத்தால் சூரிய கிரகணம். 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் எமது வடபகுதியில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. இரண்டும் அமாவாசை நாட்களே. நிலாவின் பாதை ஏறக்குறைய 5 பாகை சாய்ந்திருப்பதால் நிழல் அநேக மாதங்களில் மேலாகவோ கீழாகவோ தப்பிப் போய்விடும். அதனாலேயே மாதந்தோறும் கிரகணம் வருவதில்லை.

எல்லோருக்கும் பொதுவான நாட்காட்டி

ஆடி அமாவாசையில் தந்தையையும் சித்திரா பூரணையில் தாயையும் நினைந்து விரதமிருப்போர், பிறை கண்டு நோன்பு தொடங்கும் முஸ்லிம் அயலவர், வெசாக் பூரணையைக் கொண்டாடும் பௌத்தர் யாவரும் இந்த நிலாவையே பார்க்கின்றனர். திருச்சபையும் மார்ச் 21இலோ அதன் பின்னரோ வரும் பூரணையை அடுத்த ஞாயிற்றுக்கிழமையையே உயிர்ப்புப் பெருவிழாவாகக் கொள்கிறது. வீட்டை விட்டு ஓடியபோது சுவரிலேயே விடுபட்ட கலண்டருக்குப் பதிலாக இந்தக் கலண்டர் எம்மோடு கூடவே வந்திருக்கிறது.

கலந்துரையாடுவோம்

1. இன்று எத்தனையாம் பிறை? நிலா எத்தனை மணிக்கு எழும்? கணக்கிட்டுச் சொல்லி, இரவில் சரிபாருங்கள்.
2. அரை நிலா பூமியின் நிழலால் உண்டாவதில்லை என்பதை அயலவருக்கு எப்படி எடுத்துக் காட்டுவீர்கள்?
3. நிலாவைப் பார்த்து உங்கள் ஊர்ப் பெரியோர் சொன்னவற்றைக் கேட்டு எழுதுங்கள். அவற்றுள் காரணம் விளங்குபவை எவை? சோதித்துப் பார்க்க வேண்டியவை எவை?
4. ஒரு மாதம் முழுவதும் பிள்ளைகள் நாள்தோறும் நிலாவின் வடிவத்தைக் கொப்பியில் கீறி, கண்ட நேரத்தையும் குறிக்கட்டும். பாட்டனார், பாட்டியார் அருகிலிருந்து திருத்தட்டும்.