உடல் நிறையை முறையாகக் குறைத்தல்
(சுகாதாரமும் உடற்கல்வியும்)

மாணவர்களே, "பட்டினி கிடந்தால் நிறை குறையும்" என்று விடை எழுதினால் புள்ளி கிடைக்காது. காரணத்தை விளங்கிக்கொள்ளுங்கள்.

உணவைத் திடீரெனக் கைவிட்டால் முதலில் குறைவது பெரும்பாலும் உடலிலுள்ள நீரே. பட்டினி நீடித்தால் தசை மெலியும். அனுசேப வீதமும் தாழும். வழமைபோல் உண்ணத் தொடங்கியதும் இழந்த நிறை திரும்பிவிடும். எனவே, வளர்ந்தோர் வாரத்துக்கு 0.5 – 1 கிலோகிராம் வீதம் குறைப்பதே நல்லது என்பது மருத்துவர்களின் ஆலோசனை.

உதாரணம்: 40 வயதுடைய ஒருவரின் நிறை 72 கி.கி., உயரம் 1.6 மீற்றர்.
உடற்றிணிவுச் சுட்டி = 72 ÷ (1.6 × 1.6) = 28.1
உகந்த வீச்சு 18.5 – 24.9 ஆகும். எனவே இவர் அதிக நிறை உடையவர். இவர் 5%, அதாவது 3.6 கி.கி. குறைத்தாலே குருதியமுக்கத்தையும் குருதி வெல்லத்தையும் கட்டுப்படுத்த உதவும்.

இவர் செய்ய வேண்டியவை:
1. சோற்றின் அளவைக் குறைத்து, கீரை, மரக்கறிகளைக் கூட்டுதல். பருப்பு, மீன் போன்ற புரத உணவுகளைத் தவிர்க்காதிருத்தல்.
2. மென்பானங்களைத் தவிர்த்தல். இலங்கையில் 2016 இல் அறிமுகமான நிறக் குறியீட்டில் சிவப்பு, அதிக சீனியைக் காட்டும்.
3. வாரத்துக்கு 150 நிமிடமாவது விரைவாக நடத்தல்.
4. போதியளவு உறங்குதல்.

கவனிக்க: மேற்படி வீச்சு வளர்ந்தோருக்கே உரியது. நீங்கள் இன்னும் வளர்பவர்கள். உங்கள் நிறையை வயதுக்குரிய வளர்ச்சி வரைபைக் கொண்டே மதிப்பிட வேண்டும். மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்காதீர்கள். நாள்தோறும் 60 நிமிடம் ஓடியாடி விளையாடுங்கள். பரீட்சை மண்டபத்துக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

பயிற்சி: பட்டினி கிடந்து குறைத்த நிறை மீண்டும் கூடுவதற்கு இரு காரணங்கள் தருக.