பதவிக்கு முன்பே பணி முடித்தவர்

மாகாண அரசியலில் ஒருவர் ஆற்றிய பணியை அவர் வகித்த பதவியைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். சென்னை மாகாணப் பொதுவாழ்வின் முன்னோடியான கஜுலு லட்சுமிநரசு செட்டியாரை (1806–1868) அவ்வாறு அளக்க முடியாது. ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்திரிகையும் சங்கமும்

சென்னையில் வணிகக் குடும்பத்தில் பிறந்த செட்டியார், தாமும் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு 1844-இல் ‘கிரசண்ட்’ என்னும் ஆங்கில இதழை நடத்தத் தொடங்கினார். 1852-இல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவினார். நிலவரிச் சுமை, நீதிமன்றத் தாமதம், வரி வசூலில் நிகழும் சித்திரவதை ஆகியவற்றைக் குறித்து அச்சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பியது. 1853-இல் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் சென்னைக்கு வந்தபோது, செட்டியார் அவரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று குடியானவர் நிலையை நேரில் காட்டினார்.

கிட்டியும் அண்ணாந்தாளும்

இரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வொரு குடியானவனிடமும் நேரடியாகத் தீர்வை வாங்கியது. வரி கேட்கும் தாசில்தாரே அன்று போலீசுக்கும் தலைவர். எனவே அடிபட்டவன் முறையிட வேண்டிய இடமும் அடித்தவர் இடமே!

1854-இல் சென்னை அரசு அமைத்த விசாரணைக் குழுவிடம் 1,959 முறையீடுகள் வந்தன. 1855-இல் வெளிவந்த அறிக்கையில் நம் தமிழ்ச் சொற்கள் சில ஆங்கில எழுத்தில் இடம்பெற்றன. கிட்டிப்புள் ஆட்டத்தில் மட்டுமே நாம் அறிந்த ‘கிட்டி’, அங்கே விரல்களை நெரிக்கும் மரக்கருவி. கழுத்தின் மேலும் கால்விரல்களின் கீழும் கயிறு ஓட்டி, ஒருவனைக் குனிந்தபடி கட்டி நிறுத்துவது ‘அண்ணாந்தாள்’. கிரிவலப் பாதையிலுள்ள எங்கள் அடி அண்ணாமலை உள்ளிட்ட திருவண்ணாமலைப் பகுதி அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கும் நடந்தது இரயத்துவாரியே. ஆகவே இச்செய்தியை அயலூர்க் கதையாக என்னால் படிக்க இயலவில்லை.

ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை எனக் குழு கூறிவிட்டது. அக்கூற்றை ஏற்காத கார்ல் மார்க்ஸ், 1857-இல் நியூயார்க் நாளேடு ஒன்றில் இவ்வறிக்கையை எடுத்துக்காட்டிக் கடிந்து எழுதினார். எனினும் 1859-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம் காவல் பணியை வருவாய்த் துறையினின்றும் பிரித்தது. தடியும் தண்டல் கணக்கும் ஒரே கையில் இருந்த நிலை அதனால் மாறியது.

சட்டமன்றத்தில்

1863-இல் செட்டியார் சென்னைச் சட்டமன்றத்திற்கு நியமிக்கப்பட்டார். அவரை அங்கு அனுப்பியது மக்களின் வாக்கு அன்று, ஆளுநரின் ஆணை. 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி உறுப்பினர்கள் கேள்வி கேட்கவோ, வரவு செலவை விவாதிக்கவோ உரிமையில்லை. அவ்வுரிமைகள் 1892-இல்தான் ஓரளவு கிடைத்தன.

இதே பேரரசில் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைப் பாருங்கள். செட்டியாரைப் போலவே பத்திரிகை நடத்திய ஜோசப் ஹவ் (1804–1873), 1836-இல் மக்கள் வாக்கால் சட்டமன்றம் புகுந்தார். 1848-இல் அங்கே மக்கள் மன்றத்திற்குப் பொறுப்பான அரசு அமைந்தது. 1860-இல் அவர் முதலமைச்சரும் ஆனார். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். இருவர் கையிலும் இருந்தது எழுதுகோல். ஆனால் ஒருவருக்குப் பின்னால் வாக்குரிமை இருந்தது. மற்றவருக்குப் பின்னால் கையெழுத்திட்ட விண்ணப்பத் தாள்கள் மட்டுமே இருந்தன.

முடிவுரை

பொதுப் பணியில் செல்வத்தைக் கரைத்த செட்டியார், 1868-இல் வறியவராகவே மறைந்தார். கேள்வி கேட்க இயலாத நாற்காலியைவிட, கேள்வி கேட்ட விண்ணப்பம் வலியது என்பதே அவர் வாழ்வு தரும் பாடம். இன்று நமக்கு வாக்குரிமை உண்டு. நம் உறுப்பினர்களுக்குக் கேள்வி நேரமும் உண்டு. அவர் கையில் இல்லாத அக்கருவிகளை நாம் எவ்வாறு கையாள்கிறோம் என்பதை மாணவர்களாகிய நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.