வல்லத்தில் கடை வைக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வல்லம் ஒன்றிய அலுவலகத்துப் பக்கம் கடை பிடித்துவிட்டாய் என்று கேள்விப்பட்டதில் சந்தோஷம். பேனர், கல்யாணப் பத்திரிகை டிசைன், ஆன்லைன் விண்ணப்பம், நேரம் கிடைத்தால் தெருக்கூத்து வீடியோ எடிட்டிங் என்று நாலு வேலையையும் ஒரே மேசையில் செய்யப்போகிறாய். பெரிய சிபியூ வைக்க இடமில்லை, எந்த மினி பிசி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். செஞ்சி, மயிலம், திண்டிவனம் பக்கம் உன்னைப் போலக் கடை வைக்கிற பலரும் இதையே கேட்பதால் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

ஒரு விதியை முதலில் மனதில் வை. மாற்ற முடியாததை வாங்கும்போதே பார்த்து வாங்கு. மாற்ற முடிந்ததைத் தேவை வரும்போது மாற்றிக்கொள். மினி பிசியில் பிராசசரின் தலைமுறை, ராம் ஸ்லாட் எத்தனை, டிஸ்க் போட இடம் எத்தனை, யூஎஸ்பி போர்ட் எத்தனை ஆகியவை கடைசிவரை மாறாது. ராம், எஸ்எஸ்டி இரண்டும் மாறும். கடைக்காரர் உன்னிடம் ராமையும் எஸ்எஸ்டியையும் காட்டித்தான் விலை பேசுவார். நீ மற்றதைக் கேள்.

மினி பிசி உன் கடைக்குப் பொருத்தமானதுதான். அழகுக்காகச் சொல்லவில்லை, கரண்டுக்காகச் சொல்கிறேன். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பாட்டரி உள்ள சாதாரண 600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது 84 வாட்-அவர். இழப்பெல்லாம் கழித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 50. மினி பிசியும் எல்இடி மானிட்டரும் சேர்ந்து 45 வாட் இழுத்தால், பாட்டரி புதிதாக இருக்கும்வரை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும். பழைய டவர் சிபியூவானால் ஃபைலைச் சேமித்து அணைக்கத்தான் நேரம் இருக்கும். பாதி நிரப்பிய விண்ணப்பத்தோடு எதிரில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கும்போது அந்த அரை மணி நேரத்தின் மதிப்பு தெரியும்.

இன்னொரு காரணம் மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, உன் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் தரையில் இருக்கும் சிபியூ என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். மினி பிசியை மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்ட ஒரு தகடு கிடைக்கும். அதை வாங்கி மாட்டிவிடு.

எங்கே வாங்குவது? உன் பட்ஜெட்டுக்குச் சரியான இடம் சென்னை ரிச்சி தெரு. ஐடி கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் மினி பிசிக்கள்தான் அங்கே செகண்ட் ஹேண்டாக வருகின்றன. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி என்று மூன்று குடும்பம். மூன்றும் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு கொண்ட பெட்டிகள். ஆபீஸில் பகல் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தவை. உதிரி பாகமும் கிடைக்கும். பழுதானால் பையில் போட்டுத் திண்டிவனத்தில் பஸ் ஏறிவிடலாம்.

மாடல் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள். ஐ5-6500டி என்றால் முதல் எண் 6, அதாவது ஆறாம் தலைமுறை. ஐ5-8500டி என்றால் எட்டாம் தலைமுறை. கடைசியில் உள்ள ‘டி’ குறைந்த மின்சாரத்தில் ஓடும் 35 வாட் ரகத்தைக் குறிக்கும். இந்த எண்ணில்தான் உன் பணம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் மலிவாகக் குவிவதற்கு இதுதான் காரணம். ‘இதிலும் 11 போட்டுத் தருகிறேன்’ என்பார்கள். குறுக்கு வழியில் ஏறும். நாளைக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தராது. ஊர் ஜனங்களின் ஆதாரையும் பாஸ்புக்கையும் ஸ்கேன் செய்கிற மெஷினுக்கு அது ஆகாது.

‘பிறகு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஏழாம் தலைமுறை போர்டும் எட்டாம் தலைமுறை பிராசசரும் பார்வைக்கு ஒரே சாக்கெட்தான். மாட்டினால் ஓடாது.

பணம் கொடுக்கும் முன் மூன்றைச் சோதித்துப் பார். ஒன்று, பயாஸுக்குள் போ. பாஸ்வேர்ட் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். இரண்டு, விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லி, இன்டர்நெட்டோடு இணைத்துத் தொடங்கச் சொல். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அவர்களுடைய லாகின் கேட்டால், பெட்டி இன்னும் அந்தக் கம்பெனியின் கணக்கில் பூட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடு. மூன்று, அடாப்டர். அதே கம்பெனியின் அடாப்டராகவே கேட்டு வாங்கு. டெல் பெட்டி தன் அடாப்டரை நடு ஊசி வழியாக அடையாளம் காணும். அடையாளம் தெரியாவிட்டால் ஓடும், ஆனால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘மெஷின் ஸ்லோ’ என்று வரும் புகார்களில் சில, வெறும் அடாப்டர் புகார்.

புதுசுதான் வேண்டும் என்றால் என்100 பிராசசர் போட்ட சின்னப் பெட்டிகள் ஆன்லைனில் வருகின்றன. 2023-இல் வந்த இந்தச் சில்லு 6 வாட் ரகம், நான்கு கோர். விண்ணப்பம், டைப்பிங், பிரின்ட் வேலைக்குத் தாராளம். ஆனால் ராமுக்கு ஒரே பாதை; பல பெட்டிகளில் ஒரே ஸ்லாட், சிலவற்றில் ராமை போர்டோடு சால்டரே செய்திருப்பார்கள். உன் பேனர் வேலைக்கு முட்டும். எந்தப் புதுப் பெட்டியானாலும் அதில் வரும் விண்டோஸை அழித்து, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கியதைப் போட்டுக்கொள். ஏஸ்மேஜிக் நிறுவனத்தின் சில மினி பிசிக்கள் தொழிற்சாலையிலிருந்தே தீங்கு நிரலோடு வந்தது 2024 தொடக்கத்தில் வெளியானது. நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டது. ஆப்பிளின் மேக் மினி அருமையான மெஷின், மறுக்கவில்லை. ஆனால் 2020 முதல் வந்த எம் வரிசை மாடல்களில் ராமைக் கூட்டவே முடியாது. உன் பழைய பிரின்டருக்கும் கைரேகைக் கருவிக்கும் அதில் டிரைவர் கிடைக்குமா என்று பார்க்காமல் கையை நீட்டாதே.

இனி அப்கிரேட். பேனர் ஃபைலையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக்கு எட்டு அடி பேனர், அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தால் 8,640-க்கு 6,912, ஏறக்குறைய 6 கோடி புள்ளிகள். நான்கு வண்ண அச்சுக்கு ஒரு புள்ளிக்கு 4 பைட். ஒரே ஒரு முழு லேயர் 24 கோடி பைட், சுமார் 230 எம்பி. தலைவர் படம், பூ மாலை, பின்னணி, நிழல், வாழ்த்துவோர் வரிசை என்று லேயர் ஏற ஏற ஜிபி கணக்கில் போகும். அன்டூவுக்கும் ஃபோட்டோஷாப் இடம் பிடிக்கும். 8 ஜிபி ராம் நிரம்பியதும் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதத் தொடங்கும்; மவுஸ் வட்டம் சுற்றத் தொடங்குவது அங்கேதான். உன் வேலைக்கு 16 ஜிபி போதும். அதையும் ஒரே 16 ஆக இல்லாமல் இரண்டு 8 ஆகப் போடு. மினி பிசியில் கிராஃபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது. படம் காட்டும் வேலையும் இதே ராமில்தான் நடக்கிறது. இரண்டு குச்சி இருந்தால் இரண்டு பாதை.

ராமைப் பொறுத்தவரை என் விதிக்கே ஒரு விலக்கு சொல்கிறேன். ஏஐ டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆகவே பிறகு தனியாக வாங்கலாம் என்று விடாமல், பெட்டியோடு சேர்த்தே 16 ஜிபிக்குப் பேரம் பேசு.

அடுத்தது டிஸ்க். எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் எல்லாம் ஒன்றல்ல; என்விஎம்ஈ, சாட்டா என்று ரகம் உண்டு. என்விஎம்ஈ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா எம்.2 மாட்டினால் மெஷினுக்குத் தெரியவே தெரியாது. உன் மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்கு. விண்டோஸும் வேலையும் என்விஎம்ஈயில் இருக்கட்டும். லெனோவோ, டெல் பெட்டிகள் பலவற்றில் 2.5 அங்குல இடமும் காலியாக இருக்கும், அங்கே ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு முடித்த வேலைகளை வை.

கூத்து வீடியோ எடுத்தால் இந்த இடம் சீக்கிரம் தீரும். நொடிக்கு 16 மெகாபிட் என்றால் மணிக்கு 7.2 ஜிபி, விடிய விடிய எட்டு மணி நேரக் கூத்து 58 ஜிபி. செஞ்சி வட்டாரத் திரௌபதி வழிபாட்டைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் பெரிய நூலே எழுதினார். அவ்வளவு பெயர் பெற்ற மண்ணின் கூத்தை நீ பதிவு செய்தால் அது வியாபாரத்துக்கு மட்டும் ஆனதல்ல. ஒரே டிஸ்க்கில் வைத்துவிட்டுத் தூங்காதே. வெளி டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து அதை வீட்டில் வை.

திறப்பதற்குப் பயப்படாதே. அணைத்து, அடாப்டரைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்து. பின்பக்கம் ஒரே திருகு. கழற்றி மூடியை நகர்த்தினால் உள்ளே தெரியும். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு ராமை எடு. வெட்டுப் பள்ளத்தைப் பொருத்திச் சாய்வாகச் செருகி, கீழே அழுத்து. இரண்டு பக்கக் கொக்கியும் டிக்கென்று பிடிக்கும். பிடிக்கவில்லை என்றால் பலத்தைக் காட்டாதே, எடுத்து மறுபடி செருகு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கட்டாயம் கத்திரிக்கு முன்னால், விசிறியைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதிவிடு. ரோட்டோரக் கடையின் செம்மண் தூசி அந்தச் சின்ன விசிறியை அடைத்தால், எட்டாம் தலைமுறையும் ஆறாம் தலைமுறை மாதிரிதான் ஓடும்.

என் தீர்ப்பு இது: எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாத செகண்ட் ஹேண்ட் ஐ5, இரண்டு ராம் ஸ்லாட், இரண்டு டிஸ்க் இடம், ஒரிஜினல் அடாப்டர். பத்தாம், பன்னிரண்டாம் தலைமுறைக்காக இழுத்துப் பிடித்துக் கடன் வாங்காதே. மிச்சமாகும் பணத்தில் ஒரு யூபிஎஸ்ஸும் ஒரு வெளி டிஸ்க்கும் வாங்கு. அவை இரண்டும் மேசைக்கு வந்த பிறகே கடையைத் திற.

அன்புடன்,
அண்ணன்