ஏலத்திற்குப் போன நாற்காலிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

நான்கு கால் உடையது நாற்காலி. பெயர் வைப்பதில் நம் முன்னோர் நேரடியானவர்கள். ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால், கவராயத்தை விரித்துக் கவிழ்த்து நிறுத்தியது போல் கால்கள் சாய்ந்து நிற்கும் ஒருவகைத் தேக்கு நாற்காலி உண்டு. முதுகும் இருக்கையும் பிரம்புப் பின்னல். செதுக்கு வேலை சிறிதும் இல்லை. இந்த நாற்காலி ஒன்று இன்று வெளிநாட்டு ஏலக் கூடங்களில் சில இலட்சம் ரூபாய்க்கு விலை போகிறது. செய்தவர்கள் நம் நாட்டுத் தச்சர்கள். அமர்ந்தவர்கள் நம் நாட்டு எழுத்தர்களும் மாணவர்களும். பழையது என்று குவியல் குவியலாக ஏலத்தில் தள்ளியவர்களும் நாமே!

இது எவ்வாறு நேர்ந்தது, இதனால் நமக்கென்ன என்பதைச் சற்றே காண்போம்.

1947-இல் நாடு பிரிந்தபோது பஞ்சாபின் தலைநகரமான லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் வேண்டும். அதற்காக எழுந்ததே சண்டிகர். முதலில் திட்டம் வகுத்த ஆல்பர்ட் மேயருடன் பணியாற்றிய மாத்யூ நோவிக்கி 1950-இல் விமான விபத்தில் இறந்தார். பின்னர் அப்பொறுப்பு லெ கொர்புசியேவிடம் வந்தது. அவருடைய பெயரே எங்கும் பேசப்படுகிறது. ஆனால் அவர் ஆண்டுக்கு இருமுறை வந்து போனவர். சண்டிகரிலேயே தங்கி, வெயிலிலும் குளிரிலும் வேலையை நடத்தியவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே. 1965 வரை அவர் அங்கேயே இருந்தார். 1967-இல் ஜெனிவாவில் காலமானார். அவர் விரும்பியபடி அவருடைய அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

புதிய நகரம் என்றால் கட்டடம் மட்டும் போதுமா? தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகம், விடுதி எல்லாவற்றிற்கும் மேசையும் நாற்காலியும் ஆயிரக்கணக்கில் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கப் பணமில்லை. எனவே ஜான்னரேயும் உடனிருந்த இந்தியக் கட்டடக் கலைஞர்களும் வரைபடம் போட்டுக் கொடுத்தனர். யூலி சௌத்ரி என்னும் பெண்மணி இவர்களில் குறிப்பிடத்தக்கவர். உள்ளூர்த் தச்சுப் பட்டறைகள் அவற்றைச் செய்து தந்தன. பட்டறைக்குப் பட்டறை கால் சற்றே தடித்தும் மெலிந்தும் இருக்கும். இரண்டு நாற்காலிகளை அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி போல இருக்குமே தவிர, அச்சில் வார்த்தது போல இராது.

அதே காலத்தில், அதாவது 1930-களின் இறுதியிலிருந்து 1960-கள் வரை, உலகமெங்கும் ஒரு பாணி பரவியிருந்தது. அலங்காரத்தை விலக்கி, மரத்தின் ரேகையையும் பொருத்தையும் மறைக்காமல் காட்டும் பாணி அது. வணிகர்கள் அதை 'நூற்றாண்டின் நடுப்பகுதி நவீனம்' என்று அழைக்கின்றனர். சண்டிகர் நாற்காலியும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான் பின்னர் அதற்கு வந்த யோகம்.

இங்கே தாவரவியல் மாணவன் என்ற முறையில் மரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். தேக்கின் அறிவியற் பெயர் டெக்டோனா கிராண்டிஸ். நாம் சொல்லும் 'தேக்கு' என்ற சொல்லே போர்ச்சுகீசியர் வாய்வழியே ஐரோப்பாவுக்குப் போய் அப்பெயரில் ஒளிந்திருக்கிறது. இதன் வைரக் கட்டையில் டெக்டோகுவினோன் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. கறையான் அண்டாததற்கு அதுவும் ஒரு காரணம். இரப்பரை ஒத்த ஒரு பொருளும் எண்ணெயும் இருப்பதால் நீர் எளிதில் இறங்குவதில்லை. சிலிக்காவும் உண்டு. மொட்டை மாடியில் ஆண்டுக்கணக்கில் மழையில் கிடந்தும் அந்த நாற்காலிகளின் சட்டம் கெடாததன் இரகசியம் இதுதான். பிரம்பு அப்படியன்று. அது பனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. வளையும், பின்னலாம், ஆனால் நாளடைவில் உலர்ந்து அறும். நாற்காலியின் ஆயுள் அதன் மரத்தால் முடிவதில்லை, பிரம்பால் முடிகிறது. இருக்கை கிழிந்தால் நாற்காலியே போயிற்று என்று ஒதுக்கிவிடுகிறோம். சட்டமோ இன்னும் அரை நூற்றாண்டு நிற்கும்.

என் தந்தையார் கதவு, நிலை செய்யும் தச்சர். எங்கள் வீட்டில் படித்தவர் யாரும் இல்லாததால், கல்லூரியில் படிப்பதையெல்லாம் நான் அவரிடம் சொல்லிச் சரிபார்ப்பது வழக்கம். தேக்கில் சிலிக்கா இருக்கிறது என்றேன். "உளி மழுங்குதுன்னு நாங்க சொல்றத நீங்க அப்படிச் சொல்றீங்களா தம்பி?" என்றார். சண்டிகர் நாற்காலியின் படத்தையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "மரம் கொஞ்சம், கணக்கு நிறைய. இந்தச் சாய்மானத்துல பொருத்து ஆடாம நிக்குதுன்னா செஞ்சவன் பெரிய ஆளு. யாருன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். போட்டிருக்கவில்லை. வரைந்தவர்களின் பெயர் ஏலப் புத்தகங்களில் பளிச்சென்று இருக்கிறது. இழைத்தவர்களின் பெயர் பெரும்பாலும் எங்குமே இல்லை.

இனி ஏலத்திற்கு வருவோம். 1980-களுக்குப் பின் எஃகு நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் அலுவலகங்களை நிறைத்தன. (எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த நாற்காலியும் பிளாஸ்டிக்தான்; அது வந்த அன்று நாங்கள் யாரும் அதில் உட்காரவில்லை, விருந்தினருக்கென்று வைத்திருந்தோம்.) தேக்கு நாற்காலிகள் மாடிக்கும் மரத்தடிக்கும் போயின. விதிப்படி கழிவு செய்து ஏலம் விட்டனர். இதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். 1990-களின் இறுதி முதல் பிரெஞ்சு வணிகர்கள் சிலர் வந்து அவ்வேலங்களில் குவியல்களை வாங்கினர். கப்பலேற்றினர். மெருகிட்டு, புதிதாகப் பிரம்பு பின்னி, பாரிசிலும் நியூயார்க்கிலும் விற்றனர். இங்கே விறகு விலை. அங்கே கலைப்பொருள் விலை. ஏமி சீகல் என்னும் அமெரிக்கக் கலைஞர் 2013-இல் இந்தப் பயணத்தையே ஒரு படமாக எடுத்தார். செல்வர் வீட்டுக் கூடத்தில் தொடங்கி, பின்னோக்கி நடந்து, சண்டிகரில் போய் முடிகிறது அது.

அரசு ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். நம் தொல்பொருள் சட்டம் 1972-இல் வந்தது. அதன்படி பொதுவாக நூறு ஆண்டு கடந்த பொருளே தொல்பொருள். ஐம்பது வயது நாற்காலி அதற்குள் வராது. 2011-இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் சண்டிகரின் பாரம்பரியப் பொருட்களை விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ கூடாதென ஆணையிட்டது. எஞ்சியவற்றைக் கணக்கெடுத்தபோது 12,000-க்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன. ஆனால் அதற்குள் கடல் கடந்தவை கடந்தவைதான். "உங்கள் அரசே ஏலம் விட்டு இரசீது கொடுத்தது" என்று ஏலக் கூடத்தார் சொன்னால் மறுமொழி கூறுவது கடினம்.

இக்கதையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது விலை அன்று. ஒரு பெயிண்ட் எழுத்து. சண்டிகர் நாற்காலிகளின் பின்புறத்திலோ காலிலோ துறையின் சுருக்கப் பெயரும் எண்ணும் வெள்ளை அல்லது கறுப்பு வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். இருப்புப் பதிவேட்டுக்காக யாரோ ஓர் அலுவலக ஊழியர் எழுதியது. அவர் அதைக் கலை என்று கருதியிருக்க மாட்டார். இன்று அந்த எழுத்தே சாட்சி. போலி நாற்காலிகள் பெருகிவிட்ட சந்தையில், எழுத்து உள்ளதற்கு ஒரு விலை, இல்லாததற்கு வேறு விலை. மெருகிடுவோர் மரத்தையெல்லாம் தேய்த்தாலும் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விடுகின்றனர். அதுவும் இப்போது போலியாக எழுதப்படுகிறதாம். அது வேறு கதை!

எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. நமக்கு அண்மையில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த 'கோல்கொண்டா' என்னும் விடுதி இருக்கிறது. ஐதராபாத் திவான் அக்பர் ஹைதரி வழியாகக் கிடைத்த நன்கொடையால் எழுந்ததால் அப்பெயர். அந்தோனின் ரேமண்ட் வரைந்த அக்கட்டடத்தின் வேலையை 1937 முதல் உடனிருந்து கவனித்தவர் ஜார்ஜ் நகாஷிமா என்னும் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர். அறைகளுக்கான தேக்குக் கட்டிலையும் மேசையையும் அவரே வடிவமைத்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் புகழ்பெற்ற மரவேலைக் கலைஞரானார். போர்க்காலத்தில் 1942-இல் ஜப்பானியர் என்பதற்காக முகாமில் அடைக்கப்பட்டு, அங்கிருந்த ஒரு தச்சரிடம் தொழில் நுணுக்கம் கற்றார் என்பது தனியே எழுத வேண்டிய செய்தி. அவருடைய மேசைகளும் இன்று பெரும் விலைக்குப் போகின்றன. கோல்கொண்டா விடுதியோ இன்றும் விடுதியாகவே இருக்கிறது. பயன்படுத்துவோரே துடைத்து, பழுது பார்த்து வருகின்றனர். அங்கே பழையது என்று ஒன்றை ஒதுக்கும் நிலையே வரவில்லை.

காரைக்குடிக் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரியும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குத் தூணும், நிலையும், சாய்வு நாற்காலியும் அங்கே தெருவில் அடுக்கப்பட்டிருக்கும். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். ஆய்வுக்கூடத்தின் பின்னறையில் கிழிந்த பிரம்பு நாற்காலிகள் சில கிடக்கின்றன. இவை சண்டிகர் நாற்காலிகள் அல்ல. இலட்ச ரூபாய்க் கனவு யாருக்கும் வேண்டாம். ஏலம் போட்டால் மர விலை கிடைக்கும், அவ்வளவே. ஆனால் பேராசிரியர் அனுமதியுடன் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தேன். சட்டம் உறுதியாக இருக்கிறது. கழுந்தும் துளையும் ஆணியின்றிப் பொருந்தியிருக்கின்றன. இருக்கைக்கு அடியில் மங்கிய எண் ஒன்றும், அதன் கீழ் உளியால் கீறிய ஓர் அடையாளமும் உள்ளன. தந்தையாரிடம் வரைந்து காட்டினேன். பட்டறையில் ஒவ்வொருவரும் தாம் செய்த பொருளைப் பிரித்தறிய இட்டுக்கொள்ளும் குறி என்றார். பதிவேட்டில் இந்தச் செய்தி ஏறாது. அதில் 'மர நாற்காலி' என்று பெயரும், எண்ணிக்கையும், விலையும் எழுதத்தான் இடம்.

நம் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையிலும் வேம்பிலும் அவர்கள் செதுக்கும் உருவங்களை இனி வேறு ஊரார் அப்பெயரில் விற்க முடியாது. மகிழ்ச்சிக்குரியதே. எனினும் அது ஊருக்குக் கிடைத்த பெயர். சிலைக்குக் கிடைத்தது, நாற்காலிக்குக் கிடைக்கவில்லை. கோயில் தேரைச் செய்தவரை ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது. பள்ளிக்கூட பெஞ்சு செய்தவரை யார் நினைப்பது?

கழிவுப் பட்டியல் தயாராகுமுன் நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். எண், அளவு, மரத்தின் வகை, அடியில் உள்ள குறி. மரத்தின் வகையை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்ய எங்கள் துறையில் வசதி உண்டு. விலங்கியல், வேதியியல் துறை நண்பர்கள் தங்கள் ஆய்வுக்கூட முக்காலிகளையும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துச் சொன்னால் சேர்த்துக்கொள்வேன். பிரம்பு பின்னத் தெரிந்த ஒருவரைத் தந்தையார் விசாரித்து வைத்திருக்கிறார். நெடுநாள் பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களோ, ஓய்வு பெற்ற அலுவலக உதவியாளர்களோ, இந்த நாற்காலிகள் எந்த ஆண்டில் எந்தப் பட்டறையிலிருந்து மாட்டு வண்டியிலோ லாரியிலோ வந்திறங்கின என்று நினைவிருந்தால், தாவரவியல் துறையில் தெரிவிக்க வேண்டுகிறேன். கீறிய அந்தக் குறி தலைகீழாக வைத்த ஏணிப் படி போல் இருக்கும்.