வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான்

"எழுத்தில் இல்லையே, விட்டுத் தள்ளு." சிட்னியிலும் மெல்பேர்னிலும் பெயின்ட், டைல்ஸ் வேலை எடுத்துச் செய்யும் நம்மவர்களுக்குக் கணக்கு எழுதும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் கோபம்தான் வருகிறது. வேலைக்கு முந்தின இரவு வாடிக்கையாளர் "வேண்டாம் அண்ணா" என்று செய்தி அனுப்புகிறார். அவர் கேட்ட நிறத்தில் கலக்கி வாங்கிய பெயின்ட் வேனில் கிடக்கிறது. கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று யாரோ சொன்னதை நம்பி, வேலை எடுத்தவர் நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்.

அது சுத்தத் தவறு. என்ன வேலை, என்ன விலை என்று பேசி இருவரும் ஒப்புக்கொண்டால் ஆஸ்திரேலியாவில் அது ஒப்பந்தம். காரணமில்லாமல் முறித்தால் நஷ்டத்தைக் கேட்கலாம். அந்த நாளில் வேறு வேலை கிடைத்திருந்தால் அதைக் கழித்துத்தான் கேட்கவேண்டும்.

வீட்டு வேலைக்கு வரம்பு உண்டு. நியூ சவுத் வேல்ஸில் 5,000 டாலருக்கு மேல், விக்டோரியாவில் பெரிய வேலை 10,000 டாலருக்கு மேல் என்றால் எழுத்து கட்டாயம். நியூ சவுத் வேல்ஸில் அது இல்லாமல் ரத்து நஷ்டம் கேட்க வழியில்லை. ஆனால் செய்து முடித்த வேலைக்கான நியாயமான கூலி வேறு விஷயம். 1987-இல் பேவி அண்ட் மேத்யூஸ் வழக்கில், வாய்ப்பேச்சில் வீட்டைப் புதுப்பித்த கட்டுநருக்கு வீட்டுக்காரர் 36,000 டாலர் கொடுத்தார். பாக்கி சுமார் 27,000 டாலரை, எழுத்தில் இல்லை என்று மறுத்தார். கட்டுநர் நியாயமான கூலி கேட்கலாம் என்றது உயர் நீதிமன்றம். லைசென்ஸ் வேண்டிய வேலையை லைசென்ஸ் இல்லாமல் செய்பவருக்காக நான் பேசவில்லை.

"எதையும் சில நாளுக்குள் ரத்து செய்யலாம்" என்பதும் பொய். மனம் மாறியதற்காக விலகும் பொதுவான உரிமை கிடையாது. கேட்காமல் வீடு தேடிப் போய் விற்றால் 10 வேலை நாள். நியூ சவுத் வேல்ஸில் 20,000 டாலருக்கு மேற்பட்ட வீட்டுக் கட்டட ஒப்பந்தத்துக்கு 5 வேலை நாள்.

"அட்வான்ஸ் வாங்கினால் எனக்குத்தான்" என்பதை விடுங்கள். வேலை ரத்தானால் நஷ்டத்தைக் கழித்து மீதியைத் திருப்பிக் கொடுங்கள்.

சட்டம் தங்கள் பக்கம் இருந்தும் பலர் தோற்பது சாட்சியம் இல்லாததால். போனில் பேசி முடித்த கையோடு ஒரு செய்தி அனுப்புங்கள்: "அக்கா, ஹாலும் இரண்டு பெட்ரூமும், 2,800 டாலர், பெயின்ட் நாளைக்கு வாங்குறேன், சரிதானே?" அவர் "சரி" என்றால் போதும். தமிழிலேயே இருக்கட்டும், வழக்கு வந்தால் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். நம் சங்கங்கள் விழாக்களுக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மாலையாவது இதைச் சொல்லிக்கொடுக்க ஒதுக்கவேண்டும், ஆண்டுதோறும் கேட்கிறேன். போனை மாற்றும்போது பழைய செய்திகளையும் கொண்டுவாருங்கள். ஏனென்றால் ஒப்பந்த வழக்குத் தொடர இரண்டு மாநிலங்களிலும் 6 ஆண்டு அவகாசம் உண்டு.